அழிச்சுப் பண்ணினது

எங்கள் வீட்டில் 'அழிப்பது' என்பது கெட்ட வார்த்தை கிடையாது. அப்பாவுக்குக் காரைக்குடியில் நகைப் பட்டறை. யாராவது ஒரு பழைய சங்கிலியை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்து வைத்து, "இத அழிச்சு ரெண்டு வளையலாப் பண்ணிக் குடுங்க" என்பார்கள். அப்பா உருக்குவார். உருவம்தான் போகும். பொன் அப்படியே இருக்கும். சேதாரம் என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி குறையும், அவ்வளவுதான். மிச்சம் அத்தனையும் அடுத்த நகைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் பக்கத்தில் பெண் இருக்கிற எந்த வீட்டிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். அழிச்சுப் பண்றது என்றால் வீட்டில் ஏதோ நல்ல காரியம் வருகிறது என்று அர்த்தம்.

இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் ஒருத்தனுடைய இரண்டு வருஷ உழைப்பை நான் தொலைத்தேன். ரொம்ப நாளாக 'மிஷின் தொலைத்தது' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு கொஞ்ச நாள் 'எங்கள் அதிகாரி தொலைத்தார்' என்று சொல்லிப் பார்த்தேன். அந்த ஆளைத் திட்டுவதில் ஒரு சுகம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். இப்போது வயதாகிவிட்டது. யாருக்காக மறைக்க?

எனக்குப் பட்டறையில் உட்காரப் பொறுமை கிடையாது. ஊதுகுழலை வாயில் வைத்தால் இருமல் வரும். அப்பாவே ஒருநாள் கைகூப்பி, "நீ எங்குட்டாவது போயிப் பொழச்சுக்கப்பா, என் தங்கத்த விட்டுரு" என்றார். அப்படித்தான் படித்தேன். எழுபதுகளின் பின்பாதியில், ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியை ஒட்டி இருந்த சின்ன ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்தது. நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்கிற இடம். வெளிநாட்டு உதவியில் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியிருந்தது. நான்தான் அதற்கு ஆபரேட்டர்.

இப்போது பிள்ளைகள் மடியில் வைத்துத் தட்டுகிறார்களே, அந்தக் கம்ப்யூட்டர் என்று நினைத்துவிட வேண்டாம். பீரோ உயரத்துக்கு இரண்டு பெட்டி. முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகள். பக்கத்தில் டெலிடைப் என்று ஒரு தட்டச்சு மிஷின். நாம் தட்டுவதும் அது பதில் சொல்வதும் ஒரே தாளில் விழும். அந்தக் கட்டடத்திலேயே ஏசி இருந்தது அந்த அறையில் மட்டும்தான். சித்திரை வெயிலில் பியூனிலிருந்து பேராசிரியர் வரைக்கும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரலாம். ஒரு விபூதித் தட்டுதான் குறைச்சல்.

பெட்டியின் அடியில் ஒரு இழுப்பறை. இழுத்தால் உள்ளே தாம்பாளம் அளவுக்கு ஒரு வட்டு, பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும். அதுதான் டிஸ்க். மிஷின் எழுந்து நடமாடத் தேவையான சிஸ்டமும் அந்த ஒரே டிஸ்கில்தான், அத்தனை பேருடைய கணக்குகளும் அந்த ஒரே டிஸ்கில்தான். இன்னொன்று வேண்டும் என்று எழுதிப் போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கடுதாசி எந்த மேஜையில் தூங்கியதோ தெரியாது.

முதலில் சொன்னேனே ஒருத்தன், அவன் கல்லல் பக்கத்துக்காரன். விவசாயக் குடும்பம். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். எங்கள் கூடத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தான். கல்லலைச் சுற்றி நான்கு கிணறுகளில் தண்ணீர் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்பதுதான் அவனுடைய ஆராய்ச்சி. நான்கில் ஒன்று அவன் வீட்டுக் கிணறு. ஒவ்வொரு கிணற்றிலும் மிதவை போட்டு மேலே ஒரு கருவியை மாட்டியிருந்தான். அது மணிக்கு ஒரு தரம் நீர்மட்டத்தை ஒரு காகித நாடாவில் துளைகளாகக் குத்திவைக்கும். வாரம் ஒரு முறை சைக்கிளில் போய் நாடாக்களைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வருவான். நான் அவற்றை மிஷினில் ஓட்டி டிஸ்கில் ஏற்றுவேன். இப்படியே இரண்டு வருஷம். அதில் ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஒரு வருஷம் கண்மாய் உடைகிற அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. "ரெண்டையும் பாத்துட்டேண்ணே, ஒரு ஆராய்ச்சிக்காரனுக்கு வேற என்ன வேணும்" என்று சிரிப்பான். அந்த டிசம்பரோடு அவனுக்குக் கொடுத்திருந்த காலம் முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால்தான் பட்டம். கொடுக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

நாடா எண்ணெய் பூசின காகிதம். ரோஸ், மஞ்சள், நீலம் என்று நிறம் நிறமாக வரும். அவன் வாங்கி வைத்திருந்ததெல்லாம் ரோஸ். ஒவ்வொரு நாடாவின் தலைப்பிலும் எந்தக் கிணறு, எந்த வாரம் என்று பென்சிலால் எழுதியிருப்பான். ஏற்றி முடித்த நாடாக்களைக் கோணிப்பையில் போட்டு அவன் அறை மூலையில் வைத்திருந்தான். எண்ணெய் வாசத்துக்கு எலி வர ஆரம்பித்தது.

சரஸ்வதி பூஜை நெருங்கியது. விடுமுறைக்கு முந்தின நாளே ஆபீசில் பூஜை போடுவது வழக்கம். கலர் காகிதம் வாங்கக் கடைக்கு ஆள் அனுப்ப இருந்தார்கள். நான்தான் மேதாவி மாதிரி சொன்னேன்: "எதுக்குக் கடைக்கு? தம்பிகிட்ட ரோஸ் கலர்ல மூடையா கெடக்கே!"

அவன் கொஞ்சம் யோசித்தான். "டிஸ்க்ல பத்திரமா இருக்கும்லண்ணே?"

"கல்லுல வெட்டுன மாதிரி இருக்கும். எலி திங்கிறதுக்கு வச்சிருக்கியா இத?"

"அப்ப எடுத்துக்கங்கண்ணே. சரஸ்வதிக்குத்தானே."

மத்தியானம் முழுக்க எல்லாரும் உட்கார்ந்து நாடாவைக் கையளவு கையளவாக வெட்டினோம். இரண்டு நாடாவை மாற்றி மாற்றி மடித்தால் பின்னல் மாதிரி வரும், கல்யாணப் பந்தலில் தொங்குமே, அந்தத் தோரணம். அவனே ஸ்டூலில் ஏறி நடைக்கூடம் முழுவதும் கட்டினான். அவன் அறை வாசலுக்கு மட்டும் இரட்டைத் தோரணம். ஃபேன் காற்றில் அது சலசலவென்று ஆடியது. நன்றாகத்தான் இருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைத்தான் மெச்சினார்கள்.

பூஜை அன்று மூன்று மணி வாக்கில் நல்ல நேரம் முடியப் போகிறது என்று எங்கள் அதிகாரி பரபரத்தார். மிஷினுக்குச் சந்தனம் பொட்டு எல்லாம் வைத்தாயிற்று. சூடம் ஏற்ற வேண்டும். ஆனால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவனுடைய கணக்குத்தான் ஓடியது. பூஜையில் வைத்த கருவி வேலை செய்யக் கூடாது, அது அன்றைக்கு ஓய்வெடுக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த முறை. கொத்தனார் கரண்டியைத் தொட மாட்டார், அப்பா சுத்தியலைத் தொட மாட்டார். மிஷினுக்கு வேறொரு முறை இருந்தது. நிறுத்துவதற்கு முன்னால் டிஸ்கில் எழுதுவதையெல்லாம் எழுதி முடிக்கச் சொல்லி, அது 'சரி' என்று டெலிடைப்பில் அடித்த பிறகுதான் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் பிடிக்கும்.

"சார், ஒரு கால் மணி நேரம்..." என்றேன்.

"கால் மணி நேரத்துல ராகுகாலம் வந்து உக்காந்துக்கும்ப்பா. மெயின ஆஃப் பண்ணு."

பண்ணினேன். ஃபேன் சத்தம் அடங்கியது, டிஸ்க் சுற்றுவது மெல்ல மெல்ல நின்றது. சூடம் காட்டினார்கள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு நாள் விடுமுறை கழித்து மிஷினைப் போட்டால் எழுந்திருக்கவில்லை. விளக்குகள் எரிந்தன, டிஸ்க் சுற்றியது. டெலிடைப் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்றது. நான்கு தடவை போட்டுப் பார்த்தேன். ஐந்தாம் தடவை சட்டையெல்லாம் நனைந்துவிட்டது, ஏசி அறையில்!

மெட்ராஸில் அந்த மிஷினைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர் ஒருவர் இருந்தார். டிரங்க் கால் போட்டுக் காத்திருந்து மத்தியானம் லைன் கிடைத்தது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி அவர் குரல் வந்தது.

"டிஸ்க் சுத்தும்போது ஏதும் சத்தம் வருதா?"

"இல்ல சார்."

"அப்ப டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. எழுத்து கெட்டிருக்கு. கடைசியா முறையா நிறுத்துனீங்களா?"

அதிகாரி பக்கத்திலேயே நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சார், முறையாத்தான் நிறுத்துனோம்" என்றேன்.

"ஆச்சரியமா இருக்கே" என்றார் அந்த மனுஷன். பிறகு இரண்டு வழி சொன்னார். அவர் வர இரண்டு வாரம் ஆகும். வந்து பார்த்தால் உள்ளே இருப்பதில் கொஞ்சத்தையாவது மீட்கலாம், வாக்குக் கொடுக்க முடியாது. அவசரம் என்றால் டிஸ்கை முழுக்க அழித்துவிட்டுச் சிஸ்டத்தை நாடாவிலிருந்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம், ஒரே நாளில் மிஷின் ஓடும். "ஆனா உள்ள இருக்கறது எல்லாம் போயிடும். ஒண்ணு மிஞ்சாது. எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் பண்ணுங்க."

தெளிவாகத்தான் கேட்டது. லைன் மேல் பழி போட முடியாது.

இன்னும் இரண்டு நாளில் மிஷினைப் பார்க்கப் பெரிய ஆட்கள் வருவதாக இருந்தது. எங்கள் அதிகாரிக்கு இரண்டு வாரம் என்ற பேச்சே காதில் ஏறவில்லை. "நாளைக்கே அழிச்சுட்டு ஏத்திரு. யார் யாரோடது உள்ள இருக்கோ அவங்ககிட்ட காலையில சொல்லிரு" என்றார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு சாப்பிடப் போய்விட்டார். பெரிய மனுஷன்!

மறுநாள் காலையில் ஒவ்வொருத்தராகப் போய்ச் சொன்னேன். ஒருவர் முகத்தைச் சுளித்தார், ஒருவர் என்னை ரெண்டு கேள்வி கேட்டார். ஆனால் எல்லாரிடமும் நாடா இருந்தது, இல்லை நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். மறுபடி ஏற்றினால் போயிற்று. கடைசியாகத்தான் அவன் அறைக்குப் போனேன். வேண்டுமென்றேதான் கடைசியாக வைத்துக்கொண்டேன்.

அவன் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தான். மேஜையில் மை காயாத தாள்களைப் பரப்பிக் கல் வைத்திருந்தான். "வாங்கண்ணே, என்ன காலங்காத்தால இங்குட்டு?" என்று எழுந்தான். நான் உள்ளே போகவில்லை. வாசலிலேயே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் எனக்கு எதிரே வந்து நின்றான்.

"மிஷினு எந்திரிக்க மாட்டேங்குது தம்பி."

"அய்யய்யோ. என்னாச்சு?"

"டிஸ்க்குல எழுத்து கெட்டுப் போச்சாம். மெட்ராஸ்ல கேட்டோம்." 'உன்னுடைய ரெண்டு வருஷமும் போகப் போகுது' என்பதை எந்த வார்த்தையில் சொல்வது? நாக்கு தானாக வீட்டு வார்த்தைக்குப் போய்விட்டது. "டிஸ்க்க அழிச்சுப் பண்ணணும்னு சொல்றாக."

அவன் முகத்தில் இருந்த பயம் இறங்கியதை நான் பார்த்தேன். கண் முன்னால் பார்த்தேன்.

"ஓ, அழிச்சுப் பண்றதா" என்றான். "நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். எங்க அக்கா கல்யாணத்துக்கு அம்மாவோட அட்டியல உங்க அப்பாகிட்டதான் அழிச்சுப் பண்ணுனோம், தெரியுமாண்ணே? சேதாரம் கொஞ்சம் போகும், அம்புட்டுத்தானே? பண்ணுங்க, பண்ணுங்க."

அவன் தண்ணீர் படித்தவன். கம்ப்யூட்டர் அறைக்குள் நாடாவைக் கொடுக்க வருவதோடு சரி. டிஸ்க் என்றால் என்ன என்று அவனுக்கு யார் சொன்னது? நான்தான் கல்லில் வெட்டினது என்று சொல்லியிருந்தேன். கல்லோ பொன்னோ, அவனைப் பொறுத்தவரை அது கெட்டியான ஒரு சாமான்.

அந்த இடத்தில் நான் திருத்தியிருக்க வேண்டும். 'அப்படி இல்லப்பா, இது தங்கம் இல்ல' என்று ஒரே ஒரு வரி. ஒரு மூச்சு நேரம் போதும். எனக்கு அது தெரியும், அவன் தப்பாகப் புரிந்துகொண்டான் என்பதும் தெரியும். ஆனால் அவன் சிரித்துவிட்டான். சிரித்த முகத்தில் போய் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. 'நான் சொல்லியாச்சு, அவனும் சரின்னுட்டான்' என்று மனதுக்குள் ஒரு கணக்கை முடித்துக்கொண்டேன். கோழை என்று என்னை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. நாங்கள் இருவரும் நின்று பேசினோமே அந்த வாசலில், எங்கள் தலைக்கு ஒரு முழம் மேலே, அவன் கட்டின இரட்டைத் தோரணம் ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவனுடைய இரண்டு வருஷமும் நடைக்கூடம் நெடுகிலும் தொங்கிக்கொண்டிருந்தது. கிழிந்த நாடாவை ஒட்டுவதுதான் என் தினசரி வேலை. அதற்கென்று ஒரு சின்ன அச்சும் பசை நாடாவும் என் மேஜையிலேயே இருந்தன. எல்லாத் துண்டும் கையில் இருந்தால் வெட்டின விளிம்பைப் பார்த்து வரிசையாகச் சேர்த்திருக்கலாம். நான் மட்டும் வாயைத் திறந்திருந்தால் அவன் நிமிர்ந்து பார்த்திருப்பான். எனக்கு அப்போது தோன்றவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அழித்தேன். முதலில் முகப்புச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக மேலும் கீழுமாகத் தள்ளி மிஷினுக்கு அரிச்சுவடி சொல்ல வேண்டும். பிறகு ஒரு சிறிய நாடா. அது உள்ளே போனதும் டெலிடைப்புக்கு உயிர் வந்தது. டிஸ்க் முழுவதும் அழிக்கவா என்று இங்கிலீஷில் கேட்டது. ஆமாம் என்று தட்டினேன். விடவில்லை. இன்னொரு தரம், நிச்சயம்தானா என்று கேட்டது. இரும்புச் சாமானுக்கு இருந்த நிதானம்!

கை அந்தப் பொத்தான் மேல் கொஞ்ச நேரம் நின்றது. எழுந்து போய் அவனைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று நினைத்தேன். அதிகாரி கதவைத் திறந்து, "என்னப்பா, ஆரம்பிச்சாச்சா?" என்றார்.

தட்டிவிட்டேன். டிஸ்க் ஒரே சீராக முனகியது. பத்து நிமிஷம் இருக்கும். நடுவில் நிறுத்த வழியில்லை. நிறுத்தினாலும் பயனில்லை. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அது முடிந்ததும் சிஸ்டம் நாடாக்களை இரும்பு அலமாரியிலிருந்து எடுத்து ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினேன். எல்லாம் மஞ்சள் நாடா. சாயங்காலம் மிஷின் புதுப் பெண் மாதிரி எழுந்து உட்கார்ந்தது. அதிகாரி என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

நான் அந்த அறைக்குள் இருந்த அதே நேரத்தில் வெளியே வேறு வேலை நடந்திருக்கிறது. பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று கட்டடம் முழுக்கச் சுத்தம் செய்தார்கள். வாடின மாவிலை, பூ, தோரணம் எல்லாவற்றையும் இறக்கி, கூட்டுகிற அம்மா பின்பக்கம் கொண்டுபோய்க் கொளுத்திவிட்டார்.

வேலை முடிகிற நேரம் அவன் வந்தான். கையில் ஒரு தாள். நிறுத்திவிட்ட கணக்கை மறுபடி ஓட்ட வேண்டிய குறிப்பு. "அழிச்சுப் பண்ணியாச்சாண்ணே? ஓடுதா?"

"ஓடுது."

"என்னோடத ஒருக்க எடுத்துக் காட்டுங்களேன். சேதாரம் எம்புட்டுன்னு பாத்துக்கிறேன்."

டிஸ்கில் உள்ளவற்றின் பட்டியலைக் கேட்டுத் தட்டினேன். எதற்குத் தட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வாயால் சொல்வதற்குப் பதில் டெலிடைப் சொல்லட்டும் என்றிருக்கலாம். ஏழெட்டு வரி விழுந்தது. எல்லாம் சிஸ்டத்தின் பெயர்கள். அவன் குனிந்து விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போனான். தாள் முடிந்தது. அடுத்த வரி வரும் என்று காத்திருந்தான்.

"என்னோடது எங்குட்டு இருக்குண்ணே?"

"அழிச்சாச்சு தம்பி."

"அது சரி. அழிச்சுப் பண்ணுனது எங்குட்டு இருக்கு?"

"இதுல... இதுல அழிச்சா மிச்சம் இருக்காது."

அவன் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. கணக்குப் புரியாத மாதிரி பார்த்தான். "அது எப்படிண்ணே? அப்ப தங்கம் எங்குட்டுப் போகும்?"

அவன் முகத்தில் விஷயம் மெதுவாக ஏறியது. பிறகு சட்டென்று திரும்பி நடைக்கூடத்துக்கு ஓடினான். நானும் பின்னால் ஓடினேன். மேலே ஆணிகளும் அதில் சிக்கின ரெண்டொரு ரோஸ் கிழிசலும்தான் இருந்தன. "தோரணம் எங்கண்ணே, தோரணம் எங்க?" என்று சுவரையெல்லாம் பார்த்தான். யாரோ பின்பக்கம் கையைக் காட்டினார்கள்.

எண்ணெய்க் காகிதம் நன்றாக எரியும். பூவும் மாவிலையும்கூட அரைகுறையாகத்தான் கருகியிருந்தன. காகிதம் சாம்பலாகியிருந்தது. அவன் மண்டியிட்டு வெறுங்கையால் கிளறினான். சூடு இருந்தது. "விடுப்பா, கை வெந்துரும்" என்று தோளைப் பிடித்தேன். தட்டிவிட்டான். அடியிலிருந்து பத்துப் பதினைந்து துண்டு கிடைத்தது, ஓரம் கருகி, சந்தனம் அப்பி.

அவற்றை ஒட்டி மிஷினில் ஓட்டினேன். எண்கள் தாளில் வந்து விழுந்தன, நீர்மட்டம்தான். ஆனால் பென்சில் குறிப்பு தலைப்பில் மட்டும்தானே இருந்தது! எந்தக் கிணறு, எந்த மாதம் என்று யார் சொல்வது? ஒரு வாரம் அவன் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாதத்துக்கு ஒருமுறை கயிறு விட்டு அளந்ததை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். அதை வைத்துப் பொருத்தப் பார்த்தான். "இது எங்க வீட்டுக் கிணறுண்ணே, எனக்குத் தெரியுது" என்பான் ஒரு துண்டைக் காட்டி. மறுநாள், "இல்ல போல" என்பான். அவனுடைய வழிகாட்டிப் பேராசிரியர் மணிக்கு மணி அளவு இல்லாவிட்டால் இது ஆய்வே ஆகாது என்று சொல்லிவிட்டார். பெய்த மழையைத் திரும்பப் பெய்யச் சொல்ல முடியுமா, பொய்த்ததைத்தான் திரும்பப் பொய்க்கச் சொல்ல முடியுமா?

பெரிய ஆட்கள் வந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிஷின் அவர்களுக்கு நல்வரவு என்று இங்கிலீஷில் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்தது. கை தட்டினார்கள். பத்து நிமிஷம் இருந்தார்கள். ஏசி நன்றாக இருக்கிறது என்றார்கள்.

டிசம்பரில் அவன் போய்விட்டான். சைக்கிள் கேரியரில் ஒரு டிரங்குப் பெட்டி. எல்லாரிடமும் சொல்லிக்கொண்டான், என்னிடமும்தான்.

ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும், என் மாமனார் தவறிவிட்டார். அவருக்குச் சிவகங்கை. வாரிசுச் சான்றிதழுக்காக அங்கே ஒரு அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலோர மேஜையில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தது அவன்தான். எனக்குத் திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது. அதற்குள் பார்த்துவிட்டான்.

"அண்ணே! வாங்கண்ணே, உக்காருங்க. எப்ப வந்தீக? டீ சாப்பிடுறீகளா?"

டீ வாங்கி வரச் சொன்னான். என் காகிதத்தை அவனே ஒவ்வொரு மேஜையாகத் தூக்கிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கினான். மூன்று நாள் அலைய வேண்டிய வேலை ஒரு முற்பகலில் முடிந்தது. நடுவில் கேட்டான்: "மிஷினு நல்லா ஓடுதாண்ணே? ரெண்டாவது டிஸ்க்கு வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"நல்லது." சான்றிதழை மடித்து உறையில் போட்டான். "பத்திரமா வையுங்க. கையோட ஒரு நகலும் எடுத்து வச்சுக்கங்க." எல்லாரிடமும் சொல்வதைத்தான் என்னிடமும் சொன்னான், குத்தல் ஒன்றும் இல்லை. நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

என் முகத்தைப் பார்த்திருப்பான் போலிருக்கிறது. மேஜைக்கு மேல் குனிந்து, யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னான்: "அண்ணே, அத நெனச்சு நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீக. அழிச்சா இல்லாமப் போகும்னு அன்னைக்கு உங்களுக்கும் தெரியாதுல்ல. தெரிஞ்சா எங்கிட்டச் சொல்லியிருக்க மாட்டீகளா?"

எனக்குக் கிடைத்த இரண்டாவது மூச்சு நேரம் அது. ஜன்னல் வழியே வெளியில் ஒரு வண்டி மாடு நின்றுகொண்டிருந்தது. அதையே பார்த்தேன்.

"ஆமா தம்பி," என்றேன். "எனக்கும் தெரியாது."

அவன் தலையாட்டினான். மிஷினாவது நிச்சயம்தானா என்று இன்னொரு தரம் கேட்டது. அவன் அதுகூடக் கேட்கவில்லை.